ரெட்டைத் தும்மல்

எட்டாங்கரையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்கும் பெரிய தண்ணீர்த் தொட்டி முதன்முதலாகத் தும்மிய காலையில், டீக்கடைப் பாய்லருக்கு முன்னால் நின்றவர்களும், திருநெல்வேலி பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களும், பெண் பார்க்கப் போவதற்காக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பூக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களும் ஒரே வாயாகக் கேட்டது ஒரே ஒரு கேள்வியைத்தான்: "ஒத்தத் தும்மலா, ரெட்டைத் தும்மலா?" சிமெண்டும் கம்பியும் ஜல்லியும் போட்டுக் கட்டிய தொட்டி எப்படித் தும்மும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு மூக்கு எங்கே இருக்கிறது என்றுகூட யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. தும்மினால் தும்மியதுதான், யார் தும்மினாலும் சகுனம் சகுனம்தான் என்று இருந்துவிட்டார்கள்.

ஒற்றைத் தும்மல்தான் என்று தெரிந்ததும் பெண் பார்க்கக் கிளம்பியவர்கள் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார்கள். டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கிக் குழாயடியில் ஒரு வாய் குடித்துவிட்டு ஏறினார். அவரைப் பார்த்துப் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி வரிசையில் நின்று குடித்துவிட்டு ஏறினார்கள். கிளம்புகிற நேரத்தில் ஒற்றைத் தும்மல் விழுந்தால் அப்படித்தான் செய்யவேண்டும், அது எட்டாங்கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். தும்மியது தொட்டி, குடித்தது அந்தத் தொட்டியின் தண்ணீர் என்பது மட்டும் அன்றைக்கு யார் புத்திக்கும் எட்டவில்லை. அந்த வாரம் ஊரில் பாதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன் சண்முகவடிவு. ரத்தம், சளி, தண்ணீர் என்று எதை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதில் என்ன கிருமி ஒளிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. புருஷன் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே மகள் தங்கபுஷ்பம். தண்ணீரைச் சோதிக்க வடிவிடம் மருந்து தோய்த்த தாள் போட்ட சின்னக் கண்ணாடிப் பாட்டில்கள் உண்டு. அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், நல்ல தண்ணீர் அப்படியே இருக்கும், கிருமி இருக்கிற தண்ணீர் மறுநாளைக்குள் கருத்துப்போகும். லேப்பில் இருந்த சூட்டுப்பெட்டி கெட்டு, புதுப்பெட்டி வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால், வடிவு பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படி அலமாரியில் வைப்பாள். தங்கபுஷ்பம் காலையில் எழுந்ததும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பாட்டில்களின் முகத்தைப் பார்ப்பாள்.

"எம்மா, கருத்துப்போச்சு. நேத்து தொட்டி தும்முச்சுல்லா?" என்று முதலில் கேட்டது தங்கபுஷ்பம்தான். வடிவு பழைய நாட்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். தும்மாத நாளின் தண்ணீர் தெளிவாக இருந்தது, தும்மிய நாளின் தண்ணீர் கருத்தது. பாட்டிலுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டியிருந்தது. தொட்டிக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. அம்மாவுக்கு வியர்த்துவிட்டது, மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாவம், ஊருக்கெல்லாம் சேத்து அது ஒண்ணு தும்முது, யாராவது நூறுன்னு சொன்னாங்களா?" என்று கேட்ட தங்கபுஷ்பம், அதற்குப் பிறகு தொட்டி தும்மும்போதெல்லாம், தும்மிய பிள்ளைக்குத் தாய் ஆயுசு கூட்டிச் சொல்வதைப்போல ஜன்னல் வழியாக "நூறு!" என்று சத்தம்போட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

தொட்டி தும்மினால் தண்ணீரில் கிருமி என்று வடிவு சொன்னதைப் பேரூராட்சித் தலைவர் வேலாயுதப் பெருமாள் நம்பினாரா இல்லையா என்று தெரியாது, ஆனால் அடுத்த தும்மலுக்கு வால்வை அடைக்கச் சொன்னார். தொட்டியைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்டார்கள். ஒரே ஆற்றில் தண்ணீர் எடுத்த பக்கத்து ஊர்களிலெல்லாம் ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருந்தபோது எட்டாங்கரையில் ஒருவருக்கும் ஒரு ஏப்பம்கூடத் தப்பாக வரவில்லை. அவ்வளவுதான், ஊர் தொட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. நான்கு கால்களுக்கும் மஞ்சள் துணி சுற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, ஆள் உயர மாலை போட்டு, பம்ப் ஆபரேட்டர் செருப்போடு மேலே ஏறக்கூடாது என்று சட்டம் போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் காட்டி, கொடைவிழா நோட்டீஸில் அம்மன் படத்துக்குக் கீழே தொட்டியின் படத்தையும் போட்டார்கள்.

அப்புறம் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பால்காரரின் கேனைத் தொட்டிக்கு அடியில் கொண்டுபோய்த் திறந்து காட்டினார்கள். கல்யாண வீட்டுப் பாயசத்தைக் காட்டினார்கள். புதிதாகத் திறந்த பரோட்டாக் கடையின் சால்னாவை ஒரு விஷமக்காரர் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டுபோய்க் காட்ட, தொட்டி தும்மிய தும்மலில் மாலையிலிருந்த சம்பங்கி உதிர்ந்தது. "மொளகாப் பொடி நெடிங்க அது" என்று கடைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்பார் இல்லை, கடையை மூடிவிட்டுப் போனார். சவுதியிலிருந்து இருமலோடு வந்து இறங்கிய சுடலைமணியைப் பார்த்தும் தொட்டி தும்மியது. வடிவு அவன் சளியை எடுத்துப் பார்த்து, நோய் இன்னதென்று கண்டுபிடித்து, மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்து நன்றாகக் குணமாக்கினாள். கிருமி போய்விட்டது, ஆனால் பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டில் அதற்குப் பிறகு ஒருவரும் உட்காரவில்லை.

வடிவு அப்போதே தலைவரிடம் போய்ச் சொன்னாள். "அண்ணாச்சி, அது காட்டிக்குடுக்கதுக்குத் தும்மல. காப்பாத்ததுக்குத் தும்முது. நாமதான் அத போலீஸ்காரன் ஆக்கிட்டோம்."

"நானா ஆக்குனேன்? ஊரு ஆக்குச்சு" என்றார் வேலாயுதப் பெருமாள்.

ஊர் அப்படித்தான், கொண்டாடுவதும் சீக்கிரம், சலித்துப்போவதும் சீக்கிரம். ஒவ்வொரு தும்மலுக்கும் தண்ணீர் நின்றது, குடம் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கிணறுகளுக்கு அலைய வேண்டியிருந்தது, பவுடர் போட்ட தண்ணீரில் காப்பி வாய்க்கு வழங்கவில்லை. கொடையன்றைக்குத் தும்மி, பொதுச் சாப்பாடு நின்றுபோனது. வெளியூர்க்காரர்கள் எட்டாங்கரைக்காரனைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக் கேலி செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பந்தம் பேச வந்தவர்கள் காரிலிருந்து காலைக் கீழே வைக்கும்போது தொட்டி ஒற்றையாக ஒரு தும்மல் போட, வைத்த காலை எடுத்துக்கொண்டு அப்படியே போனார்கள். அப்படி வந்து திரும்பிப்போனவர்களில் தங்கபுஷ்பத்தைப் பார்க்க வந்தவர்களும் உண்டு. அன்றைக்குத் தட்டில் அடுக்கியிருந்த கேசரியைத் தங்கபுஷ்பமே உட்கார்ந்து தின்றாள், சிரித்துக்கொண்டேதான் தின்றாள், ஆனால் வடிவு மகளைப் பெற்றவள் அல்லவா, அந்தச் சிரிப்பு எங்கேயிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவன் தொட்டிக்கு எதிரே சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த பாக்கியநாதன். தொட்டி தும்முவது குற்றமில்லை, ஒற்றையாகத் தும்முவதுதானே குற்றம், இன்னொரு தும்மலைச் சேர்த்துவிட்டால் ரெட்டையாகிவிடும், ரெட்டைத் தும்மல் நல்ல சகுனம், ஒருத்தரும் உட்காரவும் வேண்டாம், காரைத் திருப்பவும் வேண்டாம் என்றான் அவன். தொட்டியின் தும்மலையே செல்போனில் பதிவு செய்து, தொட்டியின் காலிலேயே ஒரு ஒலிபெருக்கியைக் கட்டி, சுவிட்சைத் தன் கடை மேஜையில் வைத்துக்கொண்டான். தொட்டி "ஹச்" என்றால் அவன் சுவிட்சைத் தட்டுவான், ஒலிபெருக்கி "ஹச்" என்னும், ஊர் நிம்மதியாக மூச்சு விடும்.

இதற்காகக் கூடிய ஊர்க்கூட்டத்தில் வடிவு ஒருத்திதான் எழுந்து நின்று சத்தம் போட்டாள். "ரெண்டு தரம் தும்முனா கிருமி செத்துருமா அண்ணாச்சி?"

"சாகாது, ஒத்துக்கிடுதேன். ஆனா ஊர்ல நல்லது பொல்லது நடக்கணும்லா? நீ ஒங்க லேப்ல கிருமியப் பாரு, நாங்க சகுனத்தப் பாக்கோம். சண்டை இல்லாமப் போயிரும்" என்றார் தலைவர். எல்லாரும் கை தட்டினார்கள். அதிலிருந்து தும்மல் கேட்டதும் ஊர் தன் வேலையைப் பார்த்தது. வடிவு மட்டும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய், பம்ப் ஆபரேட்டரைக் கெஞ்சி வால்வை மூடி, பவுடர் போட வைத்துவிட்டு வருவாள். யாருக்காவது வயிறு போனால் வெயில் என்றார்கள், மாம்பழம் என்றார்கள். வடிவு ஓடுகிறாள் என்பதால்தான் அந்த அளவோடு போகிறது என்று ஊருக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் அவளுக்கும் இல்லை.

இந்த நிலையில்தான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து தங்கபுஷ்பத்துக்கு ஒரு நல்ல இடம் கூடிவந்தது. மாப்பிள்ளை தங்கமானவன், போனில் அவளிடம் பேசும்போது தொட்டி தும்மினால் அந்தப் பக்கமிருந்து அவனும் "நூறு" என்று சொல்லுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டான். அவன் அம்மா கனகம்மாளும் நல்ல மனுஷிதான், ஆனால் பல்லி கத்தினால் பஞ்சாங்கம் பார்ப்பாள், பூனை குறுக்கே போனால் பயணத்தையே நிறுத்துவாள். வடிவுக்குத் திரும்பிப்போன காரும் கேசரித் தட்டும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் பாக்கியநாதன் கடைக்குப் போனாள்.

"தம்பி, கல்யாணத்தன்னைக்குக் கடையை விட்டு எங்கயும் போயிராத" என்றாள்.

பாக்கியநாதன் அவளையே பார்த்தான். "நீங்களா அக்கா சொல்லுதீய?"

"அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்றாள் வடிவு. சொல்லும்போதே முகம் சுட்டது. ஆனால் அவளுக்கு யோசனை இருந்தது. கல்யாண மண்டபம் தொட்டிக்கு எதிரேதான், குழாய்த் தண்ணீர்தான் வரும், அதனால் குடிக்கிற தண்ணீர் முழுவதையும் அண்டாவில் கொதிக்கவைத்து ஆறவைக்கச் சொல்லிச் சமையல்காரரிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். கிருமிக்கும் வழி செய்தாயிற்று, சகுனத்துக்கும் வழி செய்தாயிற்று என்று நினைத்தாள்.

தாலி கட்டும் நேரத்தில் தும்மல் இருமல் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டுகிறார்கள். அந்த மேளத்தையும் நாதஸ்வரத்தையும் குலவையையும் மீறித் தொட்டி தும்மியது. கனகம்மாள் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். உடனே அடுத்த தும்மல் வந்தது. "ரெட்டை!" என்று கனகம்மாளின் முகம் மலர்ந்தது, எல்லாக் கைகளிலிருந்தும் அட்சதை விழுந்தது. கைம்பெண் முன்னால் நிற்கக்கூடாது என்பதால் தூணுக்குப் பின்னால் நின்றிருந்த வடிவு மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். ஓடிப்போய் வால்வை மூடச் சொல்லவேண்டிய நேரம் அது. பெண்ணைப் பெற்றவள் முகூர்த்த நேரத்தில் பட்டுச்சேலையோடு தொட்டியைப் பார்த்து ஓடினால் அதை என்னவென்று சொல்வது? மத்தியானத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம், குடிப்பதெல்லாம் கொதித்த தண்ணீர்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பந்தியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாக இருந்தது என்று சொன்னார்கள்.

பொண்ணும் மாப்பிள்ளையும் கிளம்ப வேன் வந்து நின்றது. ஆரத்தி எடுத்தாயிற்று. தங்கபுஷ்பம் மண்டபத்து வாசல் நிலையைத் தாண்டக் காலைத் தூக்கியபோது தொட்டி மறுபடியும் தும்மியது, இதுவரை தும்மியதிலேயே பெரிய தும்மலாக, கேட்டில் கட்டியிருந்த வாழைமரம் ஆடும்படியாகத் தும்மியது. எல்லாரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. கரண்ட் போயிருந்தது. பாக்கியநாதன் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தான். கடைசியில் கடைக்கு வெளியே ஓடிவந்து, தானே தும்மிப் பார்த்தான், வெயிலை அண்ணாந்து பார்த்து மூக்கைத் தேய்த்துப் பார்த்தான், அவனுக்கு வரவில்லை.

"ஒத்தத் தும்மலாப் போச்சே" என்று கனகம்மாள் பதறிப்போய் மருமகளின் கையைப் பிடித்தாள். "உக்காரு தாயி, உக்காரு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பு. ஏ, யாராவது தண்ணி கொண்டாங்க!"

கொதித்த தண்ணீர் இருந்த அண்டாவைச் சமையல்காரர் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தார். யாரோ ஓடிப்போய் முற்றத்துக் குழாயில் வெள்ளிச் செம்பு நிறையப் பிடித்துக்கொண்டுவந்தார்கள். குழாயைத் திறந்த சத்தமும் செம்பு நிறையும் சத்தமும் தூணுக்குப் பின்னால் இருந்த வடிவுக்கு நன்றாகக் கேட்டன. தங்கபுஷ்பம் நாற்காலியில் உட்கார்ந்து, மருதாணி போட்ட இரண்டு கையாலும் செம்பை வாங்கி, குடிக்காமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் பாட்டில்களின் முகம் பார்த்து வளர்ந்த பெண், அந்தத் தண்ணீர் நாளைக்கு என்ன நிறமாகும் என்று அவளுக்குத் தெரியும். அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

வடிவு சொல்லியிருக்கலாம். தண்ணீர் கெட்டிருக்கிறது என்று சொன்னால், காலையில் விழுந்த தும்மலும் அதற்குத்தான் என்று சொல்லவேண்டும், ரெட்டைத் தும்மல் பொய் என்று சொல்லவேண்டும், அந்தப் பொய்யை ஏற்பாடு செய்தது பெண்ணைப் பெற்றவள் என்று சொல்லவேண்டும். கட்டிய தாலியின் மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை. வேன் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்புகிற பெண்ணுக்கு எதிரே தாலியறுத்தவள் வந்து நிற்பதா என்று அவள் கால் தூணைவிட்டு நகரவில்லை. வாயைத் திறந்தாள், வந்தது வேறு வார்த்தை.

"கொஞ்சமாக் குடி" என்றாள்.

தங்கபுஷ்பம் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், குடித்தாள், வேனில் ஏறினாள். வேன் தொட்டியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அதைப் பார்த்து "நூறு!" என்று சொன்னதாகக் கூட இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

மறுவீட்டு விருந்துக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் வரவேண்டிய நாளில் வடிவு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவள் நாகர்கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிய ஊசியை எடுத்துவிட்டிருந்தார்கள். மருதாணி அப்படியே சிவப்பாக இருந்தது. எட்டாங்கரையிலும் கல்யாணத்தன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் ஒரு வாய் குடித்தவர்களுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு கண்டிருந்தது, ஆனால் அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

கனகம்மாள் வடிவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அப்பவே என் மனசு கெடந்து அடிச்சுது மைனி. ஒத்தத் தும்மலாச்சே, ஒத்தத் தும்மலாச்சேன்னு. தண்ணி குடிக்க வச்சும் தப்பலையே!"

"தண்ணிதான் மைனி" என்றாள் வடிவு.

"ஆமா, நானே கையப் பிடிச்சுக் குடிக்க வச்சனே" என்றாள் கனகம்மாள்.

"தண்ணிதான். அந்தத் தண்ணிதான்" என்று வடிவு திரும்பத் திரும்பச் சொன்னாள். மகளைப் பறிகொடுத்தவள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து, யாரோ ஒரு தம்ளரில் கொண்டுவந்து நீட்டினார்கள்.

பாக்கியநாதன் ஒலிபெருக்கியை அவிழ்த்துக் கீழே இறக்கினான். இறக்கும்போது அழுதான் என்று சொல்கிறார்கள். ஊர்க்கூட்டம் கூடி, இனிமேல் தொட்டி தும்மினால் அன்றைக்கு ஊரில் நல்லது பொல்லது எதுவும் கிடையாது, அம்மன் கொடையே ஆனாலும் நிறுத்துவது, வால்வை மூடுவதுதான் முதல் வேலை என்று ஒருமனதாக முடிவு செய்தது. சுடலைமணிகூட அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தான், அவன் பக்கத்தில் தலைவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லாரும் திருந்திவிட்டார்கள். ஆனால் தொட்டி அதற்குப் பிறகு தும்மவேயில்லை.

மழைக்காலத்தில் ஆறு கலங்கி வந்தபோதும் அது தும்மவில்லை. வடிவின் அலமாரியில் பாட்டில் கருத்த நாட்களிலும் தும்மவில்லை. சால்னாவைக் கொண்டுபோய்க் காட்டினார்கள், மிளகாய்ப் பொடியைத் தூவிப் பார்த்தார்கள், வேலாயுதப் பெருமாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதன் காலடியில் நின்று மன்னிப்புக்கூடக் கேட்டார். அது சும்மா நின்றது, சிமெண்டும் கம்பியும் ஜல்லியுமாக. அதனால் வடிவு இப்போதும் பாட்டிலைத்தான் நம்பியிருக்கிறாள். ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்து, கருத்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்கிறாள், அதற்குள் குடித்தவர்கள் குடித்திருப்பார்கள்.

எட்டாங்கரையில் இன்றைக்கும் நீங்கள் பார்க்கலாம். டீக்கடையில், பள்ளிக்கூடத்தில், கல்யாணப் பந்தியில், யார் தம்ளரை எடுத்தாலும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்தி, எதையோ காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வடிவு மட்டும் மற்றவர்களைவிட வெகுநேரம் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அப்புறம் கொஞ்சமாகக் குடிப்பாள்.